உங்களுக்குத் தெரியுமா? எஃகும் அலுமினியமும் ஒரே ரிவெட்டில்

பஸ்ஸில் வழியும் கறுப்புக் கோடு

கரூரில் கட்டும் பஸ் கூடுகளில் உள்ளே சட்டம் எஃகு. அதன்மேல் போர்த்துவது பெரும்பாலும் அலுமினியத் தகடு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை வரிசை வரிசையான ரிவெட்டுகள். சில வருஷம் ஓடிய பஸ்ஸைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எல்லா ரிவெட்டுக்கும் கீழே இருக்காது, சிலவற்றின் கீழே மட்டும் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். துடைத்தால் போய்விடும், கொஞ்ச நாளில் அதே ரிவெட்டில் திரும்ப வரும்.

அது சாலைப் புழுதி கிடையாது. தகடும் ரிவெட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்து உரசியதில் உதிர்ந்த அலுமினியத் துகள், காற்றுப் பட்டு ஆக்ஸைடாகி, மழைநீரோடு இறங்கிய தடம். விமானப் பராமரிப்பில் இதற்குப் ‘புகையும் ரிவெட்’ என்று பெயர். விமானத்தில் கோடு கீழே இறங்காது, காற்று ஓடும் திசையில் வால் பக்கமாக நீளும். அதைக் கண்ட பொறியாளர் அந்த ரிவெட்டைச் சந்தேகிப்பார். துருநிறக் கோடு என்றால் விஷயம் வேறு: ஊசியை இழுத்து அடிக்கும் அலுமினிய பாப் ரிவெட்டுக்குள் உடைந்து நிற்கும் எஃகு ஊசி துருப்பிடிக்கிறது.

வெல்டிங் வைத்தால் என்ன?

அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். எஃகு உருகுவதற்கு வெகு முன்பே அலுமினியம் ஒழுகிப்போகும். போதாததற்கு அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்ஸைடுப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் ஆகும்.

வெப்பநிலையை எப்படியாவது சமாளித்தாலும் வேதியியல் விடாது. திட அலுமினியத்துக்குள் இரும்பு கரையவே கரையாது என்று சொல்லுமளவுக்குக் குறைவாகத்தான் கரையும். உருகிக் கலந்த இடத்தில் இரும்பும் அலுமினியமும் கூடிக் கண்ணாடிபோல் நொறுங்கும் சேர்மங்களாக உறையும். வெல்டிங் பார்க்க அழகாக இருக்கும், தட்டினால் விட்டுவிடும்.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கப்பல்களில் எஃகுத் தளத்தின்மேல் அலுமினியக் கட்டுமானம் நிறுத்த, வெடிமருந்தால் மோதவிட்டு ஒட்டிய இரட்டை உலோகப் பட்டைகளை வைக்கிறார்கள். பட்டையின் எஃகுப் பக்கம் எஃகோடும், அலுமினியப் பக்கம் அலுமினியத்தோடும் வெல்டிங் ஆகும். ஹோண்டா நிறுவனம் 2013 அக்கார்டு காரின் முன்பக்க அடிச்சட்டத்தில் இரண்டையும் உருக்காமல், சுழலும் கருவியால் பிசைந்து ஒட்டியது. இந்த இரண்டு முறைக்கும் தனி இயந்திரமும் தனிச் செலவும் வேண்டும். அன்றாட வேலைக்கு ரிவெட்தான்.

அலுமினியத்துக்கு ‘எல்லை’ கிடையாது

கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து உடைக்காத கை உண்டா? அதுதான் உலோகச் சோர்வு. ஒரே முறை இழுத்தால் அசராத பளு, லட்சம் முறை வந்து போனால் விரிசல் விடவைக்கும்.

இதில் எஃகுக்கு ஒரு சலுகை உண்டு. குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே இருந்தால், எத்தனை முறை பளு வந்தாலும் சாதாரண எஃகு உடையாது என்று எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் ரயில் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வண்டி அச்சுகளைச் சோதித்துக் கண்ட உண்மை இது. அலுமினியக் கலவைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. பளுவைக் குறைத்தால் ஆயுள் நீளும், அவ்வளவே. என்றைக்காவது ஒருநாள் கணக்கு முடியும். அதனால்தான் அலுமினியத்தின் சோர்வு வலிமையைச் சொல்லும்போது ‘50 கோடி சுழற்சிக்கு’ என்று வரம்பு போட்டே சொல்வது வழக்கம்.

எஃகையும் அலுமினியத்தையும் ரிவெட் அடித்துச் சேர்த்தால் இணைப்பின் ஆயுள் யாரைப் பொறுத்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். வடிவமைப்பு ஒழுங்காக இருந்தால் விரிசல் பெரும்பாலும் அலுமினியப் பக்கம்தான் விழும்.

காத்திருக்க எவ்வளவு நேரம்?

விநாடிக்கு 20 முறை இழுத்துவிடும் சோர்வுச் சோதனை இயந்திரத்தில் ஒரு மாதிரித் துண்டுக்கு 20 லட்சம் சுழற்சி கொடுக்க 28 மணி நேரம் ஆகும். ஒரு கோடிக்குக் கிட்டத்தட்ட 6 நாள். மேலே சொன்ன 50 கோடியை, விநாடிக்கு 50 முறை என்று விரட்டினாலும் எட்ட 115 நாளுக்கு மேல் வேண்டும். ஒரு துண்டை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது; ஒரே மாதிரி அடித்த இரண்டு இணைப்புகளின் ஆயுள் ஒன்றுக்கு மூன்றாக வேறுபடுவது ஆய்வகத்தில் சகஜம்.

துளை போடாமல் ரிவெட்

கார்த் தொழிற்சாலையில் இன்று எஃகையும் அலுமினியத்தையும் சேர்க்கும் முக்கியமான வழி, தானே துளைத்துக்கொள்ளும் ரிவெட். முன்கூட்டித் துளையிடும் வேலையே கிடையாது. ரோபோ கையில் ஆங்கில ‘சி’ எழுத்து வடிவத்தில் ஒரு கனத்த சட்டம். மேல் தாடையில் ரிவெட், கீழ்த் தாடையில் அச்சு, நடுவில் தகடுகள். ரிவெட் சிறு குழல் போன்றது. கால் பக்கம் வெற்று, தலைப் பக்கம் மூடியிருக்கும். தண்டின் விட்டம் பெரும்பாலும் 3 அல்லது 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.

நாலைந்து டன் விசையில் அழுத்தும்போது ரிவெட்டின் விளிம்பு மேல் தகட்டைக் கடித்து வெட்டும். வெட்டுப்பட்ட வட்டத் துண்டு கீழே விழாது, குழலுக்குள்ளேயே அடைபடும். ரிவெட் கீழ்த் தகட்டுக்குள் இறங்கும். ஆனால் அதைக் கிழித்து வெளியே வராது. அடியில் இருக்கும் அச்சின் குழிக்குள் தகடு பிதுங்க, ரிவெட்டின் கால் சுற்றிலும் விரிந்து உலோகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எல்லாம் ஓரிரு விநாடியில். மேலிருந்து பார்த்தால் தகட்டோடு மட்டமான ஒரு வட்டம், கீழிருந்து பார்த்தால் ஒரு பொத்தான் மேடு. கீழ்த் தகட்டில் ஓட்டை இல்லாததால் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீரும் ஏறாது.

இந்த மாட்டல் எவ்வளவு ஆழம் தெரியுமா? கால் விரிந்து பக்கவாட்டில் புகுந்திருக்கும் தூரம் அரை மில்லிமீட்டர் இருந்தால் நல்ல இணைப்பு. காரின் பக்கச் சட்டமே அந்த அரை மில்லிமீட்டரை நம்பி நிற்கிறது.

எஃகு மேலே, அலுமினியம் கீழே

இந்த ரிவெட் அடிப்பவர்களின் முதல் விதி: மெல்லியதிலிருந்து கனத்ததுக்கு, கடினத்திலிருந்து மென்மைக்கு. அதாவது எஃகு மேல் தகடு, அலுமினியம் கீழ்த் தகடு. கீழ்த் தகடு மொத்தக் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், மென்மையான அலுமினியத்தைச் சுலபமாகக் கடந்து வரும் ரிவெட் எஃகில் முட்டிக் கால் நசுங்கிவிடும்.

மேலே வைத்தாலும் எல்லா எஃகும் விட்டுக்கொடுக்காது. சூடாக்கி அச்சில் அழுத்திச் செய்யும் போரான் எஃகு, காரின் கதவுத் தூண்களில் இருப்பது, 1,500 மெகாபாஸ்கல் வலிமை கொண்டது. அதன் முன்னால் ரிவெட்டே தோற்கும். அங்கே விநாடிக்கு 20 முதல் 40 மீட்டர் வேகத்தில் ஆணியைச் சுடும் கருவிகள் வந்திருக்கின்றன. சுடுவது என்றால் நிஜமாகவே சுடுவதுதான். சத்தத்துக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும்.

இழுத்தால் ஓரிடம், ஆட்டினால் வேறிடம்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஒரே மாதிரி இரண்டு இணைப்புகளை எடுங்கள். ஒன்றை இழுவை இயந்திரத்தில் மாட்டி ஒரே மூச்சில் பிய்த்தால், பெரும்பாலும் ரிவெட்டின் கால் கீழ்த் தகட்டிலிருந்து கழன்று வரும். அல்லது மேல் தகடு தலையைத் தாண்டி உருவிக்கொள்ளும். தகடு முழுசாக இருக்கும்.

இன்னொன்றைக் குறைந்த பளுவில் லட்சக்கணக்கான முறை ஆட்டினால், ரிவெட் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். தகடுதான் குறுக்கே பிளந்திருக்கும். விரிசல் தொடங்கிய இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இரு தகடும் ஒன்றையொன்று தொடும் உள்முகத்தில், ரிவெட்டைச் சுற்றிக் கறுத்த ஒரு வளையம். உரசல் நடந்த இடம். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

ஆகவே ‘கால் இன்னும் ஆழமாக மாட்டும்படி செய்தேன், இழுவை வலிமை கூடிவிட்டது’ என்பவர், சோர்வு ஆயுளும் கூடியிருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகளைச் சேர்க்கும் 5 மில்லிமீட்டர் ரிவெட் ஒன்று, ஒருமுறை இழுப்பில் அரை டன்னுக்கு மேல் தாங்கும். நெடுங்கால ஆட்டத்தில் நம்பக்கூடியது அதில் மூன்றில் ஒன்றோ, நான்கில் ஒன்றோதான்.

ஸ்பாட் வெல்டிங்கை ஜெயிக்கும் இடம்

அலுமினியத்தோடு அலுமினியத்தைச் சேர்க்கும்போது, ஒரே இழுப்பில் ஸ்பாட் வெல்டிங் ரிவெட்டுக்குச் சமமாகவோ கொஞ்சம் முன்னாலோ நிற்கும். சோர்வுச் சோதனையில் ரிவெட் முந்திவிடும். வெல்டிங்கில் பொட்டின் விளிம்பு கூரான வெட்டுப்போல் விரிசலுக்கு வழிவிடுகிறது, சூடுபட்ட உலோகம் தளர்ந்தும் போகிறது. ரிவெட்டில் சூடு இல்லை. பிதுங்கி இறுகிய உலோகம் விரிசல் திறக்காதபடி அமுக்கிப் பிடிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

சோர்வில் பளுவுக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு நேர்கோடு கிடையாது. ரிவெட் இணைப்புகளுக்கு அடுக்கு எண் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பளு இரட்டித்தால் ஆயுள் பாதியாகாது, 32-இல் ஒன்றாகும். பளு 15 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதி போய்விடும். தீபாவளி நேரத்தில் படிக்கட்டு வரை ஆள் ஏற்றும் பஸ் முதலாளிகளின் கவனத்துக்கு.

எல்லா ரிவெட்டும் சமமாகச் சுமப்பதில்லை

பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: மொத்தப் பளுவை ரிவெட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ரிவெட்டின் பங்கு. தேர்வுக்குச் சரி. பளு இழுக்கும் திசையில் ரிவெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்திருந்தால், முனையில் இருப்பவைதான் அதிகம் சுமக்கும். நடுவில் இருப்பவை ஓரளவு ஓய்வாகவே இருக்கும்.

எஃகு–அலுமினியத்தில் இது இன்னும் கோணல். எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்தினுடையது 70. ஒரே கனத் தகடுகள் என்றால், அதே பளுவுக்கு அலுமினியம் மூன்று மடங்கு நீளும். எனவே இரு முனைகளில் ஒன்று மற்றதைவிட அதிகம் அடி வாங்கும்: அலுமினியம் முழுப் பளுவோடு உள்ளே நுழைந்து, எஃகுத் தகடு முடியும் அந்த முனை. முதல் விரிசலைத் தேடுகிறவர் அந்த வரிசையில் தொடங்கலாம். அலுமினியத் தகட்டைக் கனமாக எடுப்பதற்கு ஒரு காரணம் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டுவது.

இன்னொரு தொல்லை: ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரு தகடுகளை இழுக்கும்போது இரண்டு இழுவைகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. இணைப்பு லேசாகத் திரும்பி நேராக முயலும். ரிவெட் பக்கத்தில் தகடு வளையும். நேர் இழுவையோடு இந்த வளைவு அழுத்தமும் சேர்ந்து அதே உள்முகத்தைத் தாக்கும்.

56, 70

ரிவெட் இணைப்பின் வலிமையை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் ஒருவர், மான்செஸ்டரின் கொதிகலன்–பாலப் பொறியாளர் வில்லியம் ஃபேர்பேர்ன். முழுத் தகட்டின் வலிமை 100 என்றால், இரட்டை வரிசை ரிவெட் இணைப்பு 70, ஒற்றை வரிசை 56 என்பது 1830-களில் அவர் கண்ட விகிதம். அதைக் கொதிகலன் செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தார்கள். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ரிவெட் அடிக்கும் இயந்திரத்தை உருவாக்கியவரும் இவர்தான்.

தகட்டின் கனத்தைச் சொன்னால் ரிவெட்டின் விட்டம் சொல்லும் அன்வின் சூத்திரம் இந்தியப் பொறியியல் மாணவர்களுக்கு மனப்பாடம்: கனத்தின் வர்க்கமூலத்தை ஆறால் பெருக்கு. 9 மில்லிமீட்டருக்கு 18. கொதிகலன் தகட்டுக்குப் பொருந்தும் இந்தச் சூத்திரத்தை 1 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குப் போட்டு 6 மில்லிமீட்டர் ரிவெட் எடுத்தால் விமானப் பட்டறையில் சிரிப்பார்கள். அங்கே பழக்கக் கணக்கு, கனமான தகட்டின் மூன்று மடங்கு.

எந்த உலோகத்தில் ரிவெட்?

இது பலரும் தலைகீழாக நினைக்கும் விஷயம். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புநீர் பட்டால் அங்கே ஒரு சின்ன பாட்டரி உருவாகும், கரைவது அலுமினியம். அப்படியானால் அலுமினியத் தகட்டில் எஃகு ரிவெட் அடிப்பது தப்பல்லவா?

பரப்பைப் பாருங்கள். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எஃகு ரிவெட் என்றால், அரிப்பு பரந்த இடத்தில் பங்கிடப்பட்டு மெதுவாக நடக்கும். பெரிய எஃகுத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் என்றால், மொத்த அரிப்பும் அந்தச் சின்ன ரிவெட்டின் தலையில் விழும்; சீக்கிரமே கரைந்துபோகும். கார்களில் பூச்சு போட்ட எஃகு ரிவெட் இருப்பதற்கு வலிமை மட்டும் காரணம் இல்லை. துத்தநாகமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே சமாதானம் செய்துவைக்கிறது.

சோர்வும் அரிப்பும் கூட்டுச் சேர்ந்தால் ஆயுள் இன்னும் வேகமாகக் குறையும். அரிப்பு தோண்டும் ஒவ்வொரு குழியும் விரிசலுக்குத் தயாரான தொடக்கப்புள்ளி. தூத்துக்குடிக் கடற்காற்றில் ஓடும் வண்டியும் கோயம்புத்தூரில் ஓடும் வண்டியும் ஒரே ஆயுள் வாழாது.

1763-இல் கிடைத்த பாடம்

பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற மரக்கப்பலின் அடியில் 1761-இல் செம்புத் தகடு போர்த்தியது. புழு அரிக்காமல் இருக்க. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் செம்பு நன்றாக இருந்தது. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பசையாகக் கரைந்திருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. செம்புத் தகட்டைச் சுற்றி வந்த பொட்டலக் காகிதம் அந்த இடங்களில் கிழியாமல் நடுவே மாட்டியிருந்தது. இரு உலோகத்துக்கு நடுவே எதையாவது வை என்ற விதியைக் காகிதம் கற்றுக்கொடுத்தது. இன்று அந்த வேலையைப் பசையும் பிரைமரும் ரப்பர் வாஷரும் செய்கின்றன.

பெயின்ட் அடுப்பில் ஒரு விபரீதம்

ஒரு மீட்டர் நீள எஃகுத் தகட்டையும் அலுமினியத் தகட்டையும் ரிவெட் அடித்துச் சேர்த்து, பெயின்ட் உலர்த்தும் 180 டிகிரி அடுப்புக்குள் அனுப்புங்கள். டிகிரிக்கு அலுமினியம் ஏறத்தாழ இரட்டிப்பாக விரியும். அறைச் சூட்டிலிருந்து அடுப்புச் சூட்டுக்குப் போகும்போது இரண்டுக்கும் நீள வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டும். ரிவெட்டுகள் விடமாட்டா. வேறு வழி இல்லாமல் அலுமினியம் ரிவெட்டுக்கு ரிவெட் நடுவே உப்பும்.

பிரச்சினை அங்கே முடிவதில்லை. இடையில் தடவிய பசை இறுகுவதும் அதே அடுப்பில்தான். உப்பிய நிலையிலேயே பசை இறுகிவிடும். பிறகு வண்டி குளிரும்போது அலுமினியம் சுருங்கப் பார்க்கும், பசை பிடித்து இழுக்கும். ஓடத் தொடங்குவதற்கு முன்பே இணைப்புக்குள் ஓர் அழுத்தம் குடியேறிவிடுகிறது. ரிவெட் இடைவெளியைக் குறைப்பது, நெகிழ்வான பசை எடுப்பது, தகட்டில் வரிவரியாக மேடு வைப்பது எல்லாம் இதற்காகத்தான்.

அப்படியும் பசையை ஏன் விடுவதில்லை? ரிவெட் பளுவைப் புள்ளிபுள்ளியாகக் கடத்துகிறது, பசை பரப்பு முழுக்க. பசை சேர்ந்த ரிவெட் இணைப்பின் சோர்வு ஆயுள் பல மடங்கு உயரும். பசைக்கு உரித்தெடுக்கும் விசை ஆகாது. அதை ரிவெட் பார்த்துக்கொள்ளும். பசை இறுகும்வரை தகடுகளைப் பிடித்து வைப்பதும் ரிவெட்தான்.

முன்பாதி அலுமினியம், பின்பாதி எஃகு

2003-இல் வந்த பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் காரின் முன்பகுதி அலுமினியம், பயணிகள் உட்காரும் கூடு எஃகு. எஞ்சின் பக்கம் எடை குறைந்தால் முன்–பின் சக்கரங்களில் பளு சமமாகும் என்பது நோக்கம். இரண்டும் சந்திக்கும் கோட்டில் பசையும் ரிவெட்டும். 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆடி டிடி-யும் அதே யோசனை: உடலின் பெரும்பகுதி அலுமினியம், பின்பக்கம் மட்டும் வேண்டுமென்றே எஃகு.

முழு அலுமினிய உடலோடு 2003-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே-யில் 3,000-க்கும் மேல் தானே துளைக்கும் ரிவெட்டுகள், 100 மீட்டருக்கும் மேல் பசை. அந்த ஜாகுவார் நிறுவனம் 2008-இல் டாடாவின் கைக்கு வந்தது. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் அதே குழுமத்தின் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

ஃபிரிட்ஜில் ரிவெட்

விமானப் பட்டறையில் குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே ரிவெட் இருப்பது உண்டு. 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவை ரிவெட்டைச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினால் மென்மையாக இருக்கும். அறைச் சூட்டில் விட்டால் தானாகவே கெட்டிப்படத் தொடங்கும். குளிரில் வைத்தால் அந்த மாற்றம் தூங்கும். வெளியே எடுத்தபின் பத்திருபது நிமிஷத்துக்குள் அடித்துவிட வேண்டும், தாமதித்தால் அடிக்கும்போதே தலையில் விரிசல் விழும். 2017 கலவைக்கு ஒரு மணி நேரம் அவகாசம். அடித்து நாலு நாளில் முழு வலிமை வந்துவிடும்.

தானாகக் கெட்டிப்படும் இந்தக் குணத்தை 1906 வாக்கில் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் கண்டுபிடித்தார். சூடாக்கி அமிழ்த்திய துண்டை விட்டுவிட்டுப் போய், சில நாள் கழித்து அளந்தபோது கடினம் கூடியிருந்ததாம். டூராலுமின் பிறந்த கதை.

எந்த ரிவெட் எது என்று எப்படித் தெரியும்? தலையில் குறி இருக்கும். 2117 கலவைக்குச் சின்னக் குழி, 2017-க்கு மேடான புள்ளி, 2024-க்கு மேடான இரண்டு கோடு, 5056-க்குச் சிலுவை. குறியே இல்லாவிட்டால் மென்மையான தூய அலுமினியம். பளு தாங்கும் இடத்தில் அதை அடிக்கக் கூடாது.

பட்டாணிப் பருப்பு ஒட்டிய போர் விமானம்

ரிவெட் தலை வெளியே துருத்தினால் வேகம் குறையும், தகட்டோடு மட்டமாக்கினால் செலவு கூடும். எந்த இடத்தில் மட்டம் அவசியம் என்று அறிய ஸ்பிட்ஃபயர் விமானத்தின் முன்மாதிரியில் ஒவ்வொரு மட்ட ரிவெட்டின் மேலும் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். எல்லா இடத்திலும் ஒட்டியபோது மணிக்கு 22 மைல் வேகம் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து எங்கே எவ்வளவு இழப்பு என்று பார்த்தார்கள். சமையலறைப் பொருளால் நடந்த மிக மலிவான காற்றியக்கச் சோதனை.

வலிமைச் சோதனை ஏமாற்றிய கதை

உலகின் முதல் ஜெட் பயணி விமானம் காமெட். 1954-இல் இரண்டு காமெட்டுகள் நடுவானில் சிதறின. பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் இன்னொரு காமெட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, கேபின் அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். அதற்கு முன் பறந்ததையும் சேர்த்து 3,057-ஆவது சுழற்சியில் உடல் பிளந்தது. ஜன்னல் மூலைகளின் அருகே ரிவெட் துளைகளைச் சுற்றி, கணித்ததைவிட மிக அதிகமான அழுத்தம்.

ஆனால் காமெட்டை வடிவமைத்தவர்கள் முன்பே சோதித்திருந்தார்கள்! சோதனை உடல் 16,000 முறைக்கு மேல் தாங்கியது. அதே உடலை முன்னதாக இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றி வலிமை பார்த்திருந்ததுதான் வினை. அந்தப் பேரழுத்தத்தில் துளை ஓரங்கள் சற்றே இளகி நீண்டு, அழுத்தம் இறங்கியதும் சுற்றியுள்ள உலோகத்தால் அமுக்கப்பட்டு நின்றன. அமுங்கிய இடத்தில் விரிசல் எளிதில் திறக்காது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை.

அன்று தெரியாமல் நடந்ததை இன்று தெரிந்தே செய்கிறார்கள். துளையைவிடச் சற்றுப் பெரிய உருளையை உள்ளே இழுத்துத் துளையை விரித்துவிட்டு ரிவெட் அடித்தால் ஆயுள் மூன்று மடங்கும் அதற்கு மேலும் கூடும்.

கூரை பறந்த நாள்

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளுக்கு இடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரை 24,000 அடி உயரத்தில் சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. விமானி மாவித் தீவில் தரையிறக்கினார். விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

19 வயது விமானம், 89,680 முறை ஏறி இறங்கியது. தீவுக்குத் தீவு குட்டிப் பயணம் என்பதால் மணிக்கணக்கைவிடச் சுழற்சிக் கணக்கு எகிறியிருந்தது. தகடுகளை ஒட்டியிருந்த பசை ஈரத்தில் விட்டுப்போக, பசை சுமக்க வேண்டியதையும் ரிவெட்டுகள் சுமந்தன. தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; தலை மட்டமாகப் பொருந்தக் கூம்பாகக் கடைந்த குழி முழுக் கனத்தையும் தின்று, துளையின் ஓரத்தைக் கத்தி விளிம்பாக்கியிருந்தது. பக்கத்துப் பக்கத்து ரிவெட்டுகளில் தனித்தனியாகப் பிறந்த மயிரிழை விரிசல்கள் ஒருநாள் கைகோத்தன. ஒற்றை விரிசல் பெரிதாகும்வரை காத்திருந்து பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இதோடு போனது.

ஏறும்போதே கதவருகே ரிவெட் வரிசையில் விரிசலைப் பார்த்ததாக ஒரு பயணி பின்னர் சொன்னார். அப்போது யாரிடமும் சொல்லவில்லையாம்.

ஒரு வரிசை குறைந்தால்

1985 ஆகஸ்ட் 12, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமான விபத்து: 520 பேர் பலி. ஏழு வருஷம் முன்பு வால் தரையில் இடித்ததற்காகப் கேபின் அழுத்தத்தைத் தாங்கும் பின்பக்கத் தடுப்பைச் சரிசெய்தபோது, ஒரே துண்டாக இருந்திருக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். வெளியே பார்த்தால் ரிவெட் வரிசைகள் குறையில்லாமல் தெரியும். இரண்டு வரிசை சுமக்க வேண்டிய பளுவை உண்மையில் சுமந்தது ஒன்றே. அப்படியே 12,000 முறைக்கு மேல் பறந்தது.

வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்

தானே துளைக்கும் ரிவெட் நன்றாக மாட்டியதா என்பதை வெளியிலிருந்து கண்ணால் உறுதிசெய்ய முடியாது. ஆலைகளில் மாதிரி இணைப்பை நட்டநடுவே அறுத்து, மெருகேற்றி, உருப்பெருக்கியில் மூன்றை அளப்பார்கள்: தலை தகட்டோடு மட்டமா, கால் எவ்வளவு விரிந்தது, அடியில் மிச்சமுள்ள உலோகம் எவ்வளவு கனம். ஓடும் உற்பத்தியில் ஒவ்வொரு ரிவெட்டையும் அறுக்க முடியாதல்லவா? அழுத்தும் விசைக்கும் இறங்கிய தூரத்துக்கும் ஒரு வளைகோடு வரைந்து, நல்ல இணைப்பின் கோட்டோடு கணினி ஒப்பிடும்.

ரயில் பாலங்களின் பழைய எஃகு ரிவெட்டுக்கு இத்தனை சடங்கு கிடையாது. ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். தளர்ந்த ரிவெட்டின் அதிர்வு விரலுக்கு வந்துவிடும்.

இடித்த காரை ரிப்பேர் செய்ய

அலுமினியமும் எஃகும் கலந்த காரை அடித்து நிமிர்த்தும் பட்டறையில் அலுமினியத்துக்குத் தனி மூலை, தனிச் சுத்தியல், தனி அரம். எஃகைத் தேய்த்த அரத்தால் அலுமினியத்தைத் தொட்டால் எஃகுத் துகள் அதில் பதிந்து, பெயின்டுக்கு அடியில் அரிப்பைத் தொடங்கிவைக்கும். பழைய ரிவெட்டைப் பிடுங்கிய துளையில் அதே ரிவெட்டைத் திரும்ப அடிக்கவும் முடியாது. விரிந்து மாட்ட அங்கே உலோகம் மிச்சம் இல்லை. கொஞ்சம் தள்ளிப் புது இடம் பார்க்க வேண்டும், அல்லது துளையைப் பெரிதாக்கித் தயாரிப்பாளர் சொன்ன கட்டமைப்பு ரிவெட்டைப் பசையோடு போட வேண்டும். அந்த இடத்தில் கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டை வைத்து முடித்துத் தருவதும் நடக்கிறது. பெயின்ட் அடித்தபின் வித்தியாசம் தெரியாது. பில் வாங்கும்போது என்ன ரிவெட் போட்டீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.